நூறு சதவீதப் பாதுகாப்பு

இந்தோனேசியாவின் சும்பர்வாங்கி மாவட்ட நீர்ப்பாசன அலுவலகத்தில் பேனர் இல்லாமல் எந்த வேலையும் தொடங்கியதில்லை. நான்கு வருடத்துக்கு முன்னால் கிழக்கு வாய்க்கால் உடைந்து நெல்வயல்களில் தண்ணீர் ஏறியபோதுகூட, 'வாய்க்கால் உடைப்பு அவசரச் சீரமைப்புத் தொடக்க விழா' என்று மூன்று மீட்டருக்கு ஐந்து மீட்டர் பேனர் அச்சாகி வரும்வரை மண்மூட்டைகள் லாரியிலேயே காத்துக்கிடந்தன. பேனர் வந்ததும் எல்லாரும் அதன் முன்னால் நின்று முஷ்டியை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். அதற்குள் தண்ணீர் தானாகவே வடிந்துவிட்டதால், சீரமைப்பு எதிர்பார்த்ததைவிட வேகமாக முடிந்ததாக ஆண்டறிக்கையில் எழுதினார்கள்.

இப்படிப்பட்ட அலுவலகத்துக்கு மாகாணத் தலைமையிலிருந்து இரண்டு வரியில் ஒரு கடிதம் வந்தது. எல்லாக் கம்ப்யூட்டர்களின் இயங்குதளமும் பழசாகிவிட்டது, புதுசாக மாற்றுங்கள் என்று ஒரு வரி. அதற்கு முன் ஊழியர்கள் தங்கள் சொந்தக் கோப்புகளை நகல் எடுத்து வைத்துக்கொள்ளட்டும் என்று இன்னொரு வரி. வேறு ஊரில் இதைக் காப்பி ஆறுவதற்குள் முடித்திருப்பார்கள். இங்கே இருபத்துமூன்று பேர் கொண்ட கமிட்டி போட்டார்கள்.

கடிதத்தை அறிவிப்புப் பலகையில் முதலில் படித்தவர் பாக் பர்டிமன். அங்கே ஆண்களுக்கு 'பாக்', பெண்களுக்கு 'இபு' என்பது நம் 'ஐயா', 'அம்மா' மாதிரி மரியாதைச் சொல். வயது ஐம்பத்து நான்கு. மதகுகளில் தண்ணீர் எத்தனை சென்டிமீட்டர் நிற்கிறது என்று தினமும் பதிவது அவர் வேலை. இருபத்தொன்பது வருடத்தில் ஒரு நாள் தாமதமாக வந்ததில்லை, ஒரு மெமோ வாங்கியதில்லை. எள் என்றால் எண்ணெயாக நிற்கிற ரகம் அல்ல. எள் என்றால் எள்ளையே கொண்டுவந்து வைத்துவிட்டு, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிப் போகிற ரகம். அவர் நேராகக் குனாடியிடம் போனார்.

குனாடி அலுவலகத்தின் கம்ப்யூட்டர்க்காரர். அலுவலகத்தின் போட்டோகிராபரும் அவர்தான், மைக் செட்டும் அவர்தான். பதினோரு வருடமாக வருடத்துக்கு வருடம் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டு, நாற்பத்தைந்து வயதிலும் 'தற்காலிக' ஊழியராக இருக்கிற பருத்த மனிதர்.

"குனாடி, இந்த அப்டேட் போட்டா என் ஃபைலெல்லாம் போயிருமா?"

"போயிரும் பாக். எல்லாம் ஓட்டை மெஷின். சுத்தமாத் தொடைச்சிட்டுத்தான் புதுசு ஏத்தணும். அப்படி என்ன வச்சிருக்கீங்க?"

"என் முராய் பாடினது. இருநூத்திப் பன்னெண்டு பதிவு."

"ஏய், குருவிப் பாட்டா! இதுக்கா மூஞ்சி இப்படி இருக்கு? நாளைக்கு ஒரு பென்டிரைவ் கொண்டாங்க. நாலு நிமிஷ வேலை."

மறுநாள் பர்டிமன் பென்டிரைவோடு வந்தார். அதற்குள் கமிட்டி தன் முதல் கடமையைச் செய்து முடித்திருந்தது. அலுவலகத்தின் அறுபத்தொரு கம்ப்யூட்டர்களிலும் பென்டிரைவ் செருகுகிற துளைகள் மேல் காகித சீல் ஒட்டி, அதன் மேல் ரப்பர் ஸ்டாம்ப் அடித்து, கமிட்டிச் செயலாளர் இபு லிஸ்தியானி கையெழுத்தும் போட்டிருந்தார். நகல் எடுக்கும் திட்டம் முறைப்படி தொடங்கும் முன்னால் யாரும் அவசரப்பட்டு நகல் எடுத்துவிடக் கூடாதே என்றுதான்.

"கிழிச்சா என்னாகும்?" என்று கேட்டார் பர்டிமன்.

"உங்களுக்கு மெமோ. எனக்குச் சோத்துல மண்ணு" என்றார் குனாடி.

முராய் என்பது நீள வால் பாட்டுக்குருவி. சும்பர்வாங்கியில் ஆண்பிள்ளைகள் பாதிப் பேருக்கு அதுதான் பைத்தியம். பர்டிமனும் ஒன்று வளர்த்தார். 'கேப்டன்' என்று பெயர். போட்டிக்குப் பழக்க, காலையில் அது பாடுவதை வாசலில் உட்கார்ந்து போனில் பதிவு செய்வார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எது நல்ல பாட்டு என்று பொறுக்குவதற்காக அந்தப் பதிவுகளை ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஏற்றி வைப்பார். பிறகு அந்தப் போன் ஒரு மதகு ஆய்வின்போது வாய்க்காலில் விழுந்து போனது. கேப்டனும் ஒரு மழைக்காலத்தில் இறகு கொட்டிப் போய்ச் சேர்ந்தது.

பறவைக்காக மனிதர் இவ்வளவு பதறவில்லை. அந்தப் பதிவுகளில் பறவைக்குப் பின்னால் ரத்மி இருந்தாள். அவர் மனைவி. சிறுநீரகம் கெட்டு இரண்டு வருடத்துக்கு முன் இறந்துபோனவள். காய்கறிக்காரனிடம் பேரம் பேசுவாள், தும்முவாள், பாத்திரத்தை உருட்டுவாள், "அந்தக் குருவிகிட்ட பேசுறதுல பாதி எங்கிட்டப் பேசுனா வாய் தேஞ்சிருமா, மாஸ்?" என்று சமையலறையிலிருந்து கத்துவாள். புருஷனை அவள் கூப்பிடுவது 'மாஸ்' என்றுதான். ஒரு பதிவில் காரணமே தெரியாமல் ஒரு நிமிஷம் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். உயிரோடு இருந்தபோது அவள் குரலைத் தனியாகப் பதிய வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? கல்யாண வீடியோவில்கூட அவள் வாயே திறக்கவில்லை. இந்த உலகத்தில் அவள் குரல் மிச்சமிருந்தது கேப்டனின் கோப்புகளில் மட்டும்தான்.

கம்ப்யூட்டரில் ஒலிபெருக்கி கிடையாது. யாரோ வேலை நேரத்தில் டாங்டுட் என்கிற குத்துப் பாட்டுப் போட்டதற்காக எல்லாவற்றையும் கழற்றிவிட்டார்கள். ஹெட்போனைப் புதுப் போனோடு ஒட்டி வைத்துப் பதிந்து பார்த்தார். ரத்மி கொசு மாதிரிக் கேட்டாள். அதைக் கேட்டபோது இரண்டாவது முறை செத்த மாதிரி இருந்தது அவருக்கு. உடனே அழித்துவிட்டார்.

'சொந்தக் கோப்புப் பாதுகாப்பு இயக்க'த்தின் தொடக்க விழா மூன்று வாரம் கழித்து நடந்தது. பேனரில் அலுவலகத் தலைவர் பாக் ஹர்யோகோவின் பட்டம் ஒன்று விடுபட்டுப் போனதால் திரும்ப அச்சடிக்க வேண்டியிருந்தது. தேசியகீதம், பிரார்த்தனை, ஆளுக்கொரு சிற்றுண்டிப் பெட்டி. பெட்டியில் இலையில் சுருட்டிய ஒட்டரிசி ஒன்று, வறுத்த பண்டம் ஒன்று, ஒரு குவளைத் தண்ணீர். தலைவர் வந்திருந்தவர்களை 'மரியாதைக்குரிய' போட்டு ஒவ்வொருவராக விளித்து முடிக்கப் பத்தொன்பது நிமிஷமானது. பிறகு பேசினார்.

"ஃபைல்னா என்ன? இருபத்தாறு வருஷமா அரசாங்கத்துல இருக்கேன். நான் ஒரு ஃபைலைக்கூடத் தொலைச்சதில்லை. ஏன்? எதையும் திறந்ததில்லை! திறக்கிறவன்தான் தொலைக்கிறான். நம்ம ஆபீஸ்ல என்னென்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது. அதனால எது காணாமப் போச்சுன்னும் யாரும் சொல்ல முடியாது. இதைவிடப் பாதுகாப்பு உலகத்துல எங்க இருக்கு? இருந்தாலும் மேலிடம் சொல்லியிருக்கு. செய்வோம்!"

கைதட்டினார்கள். பிறகு கமிட்டியில் எட்டுப் பேர், மற்ற ஊர்களில் எப்படி நகல் எடுக்கிறார்கள் என்று பார்த்துவர, ஐந்து நாள் லொம்போக் தீவுக்குப் போனார்கள். அங்கே கடற்கரையில் கம்ப்யூட்டர் எதுவும் இல்லை என்று கண்டறிந்து அறிக்கை கொடுத்தார்கள்.

அவர்கள் திரும்பி வந்ததும் விதிமுறை வெளியானது. ஊழியர்களின் கோப்புகள் எல்லாம் தலைவர் அறையில் இருக்கும் 'மையப் பாதுகாப்புக் கம்ப்யூட்ட'ருக்குப் போகும். ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு படிவம், ஒரு அச்சுப் பிரதி. இதில் உச்சம் ஏழாவது விதி. ஒரே கோப்பு இரண்டு இடங்களில் இருப்பது அரசின் ஒற்றைத் தரவுக் கொள்கைக்கு விரோதம் என்பதால், மையத்தில் ஒப்படைத்த உடனே மூலத்தை அழித்துவிட வேண்டும்.

பர்டிமன் அந்த விதியை மூன்று தடவை படித்துவிட்டு இபு லிஸ்தியானியிடம் போனார். இபு லிஸ்தியானி பேனாக்களை நிறவாரியாக அடுக்கி வைத்திருப்பவர். ஐம்பது வயது. விதவை. ஒரே மகன் சுரபாயாவில் கப்பல் வேலைக்குப் படிக்கிறான்.

"இபு, நகல்னா ரெண்டு இருக்கணும்ல? ஒண்ணை அழிச்சிட்டா அது எப்படி நகலாகும்?"

"ரெண்டு எடத்துல இருந்தா அது நகல் இல்ல பாக், குழப்பம். எது உண்மைன்னு நாளைக்கு ஆடிட்டர் கேட்டா நீங்களா வந்து சொல்லுவீங்க? நானே மொத ஆளாக் குடுத்துட்டேன். படிவ எண் 0001. எம் பையன் பொறந்ததுலேர்ந்து பள்ளிக்கூடம் முடிச்சது வரைக்கும் அத்தனை போட்டோவும். போன்ல இருந்ததைக்கூட அழிச்சாச்சு. நாமளே முன்மாதிரியா இல்லேன்னா எப்படி?" என்று சொல்லிவிட்டு, அவர் நீட்டிய தாளை வாங்கிப் பார்த்தார். "ஒலிக் கோப்பா? இதுக்கு அச்சுப் பிரதி எங்க?"

"குருவி பாடுறதை எப்படி இபு அச்சடிக்கிறது?"

"எழுதித்தான். கேட்டு, அப்படியே எழுதி, ரெண்டு சாட்சிக் கையெழுத்து. இந்தோனேசிய மொழியில எழுதுங்க. வட்டார மொழி செல்லாது."

"குருவி எந்த மொழியில பாடுதுன்னு..."

"அதை விண்ணப்பதாரர்தான் தீர்மானிக்கணும். அப்புறம், குரலோட சொந்தக்காரர்கிட்ட ஒப்புதல் வேணும். குருவி இருக்கா?"

"செத்துப்போச்சு."

"அப்ப இறப்புச் சான்றிதழ் வையுங்க. நிறைய வேலை இருக்கு, பாக். நான் சொல்றதைக் கோபமா எடுத்துக்காதீங்க. விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்."

பின்னணியில் இருப்பது யார் குரல் என்று அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஐம்பத்து நான்கு வயது ஆள், அலுவலகத்தில் நின்று, இதையா சொல்வது என்று கூச்சம் ஒரு பக்கம். சொன்னால் ரத்மிக்கும் ஒரு படிவம் வைத்திருப்பார்கள் என்கிற பயம் இன்னொரு பக்கம். தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

கால்நடை அலுவலகத்தில் இருந்தவர் நல்ல மனிதர். பர்டிமனுக்கு நாற்காலி போட்டு, விஷயத்தைக் கேட்டு, பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து வருத்தப்பட்டார்.

"எங்ககிட்ட மாடு, ஆடு, கோழி, வாத்து நாலுக்குத்தான் சான்றிதழ் இருக்கு பாக். உங்க குருவி முட்டை போடுமா?"

"சேவல்."

"சரி, ரெண்டு காலு, ரெண்டு ரெக்கை. கோழின்னே போட்டுர்றேன். அடைப்புக்குறியில 'சிறியது'ன்னு எழுதிர்றேன், சந்தேகம் வராது."

இப்படியாகக் கேப்டனுக்குச் சான்றிதழ் கிடைத்தது. இனம்: கோழி (சிறியது). மரணக் காரணம்: இயற்கை. குறிப்பு: இறைச்சி உண்ணத் தகுந்தது. பர்டிமன் அதை மடிக்காமல் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து மோட்டார் சைக்கிளில் திரும்பினார்.

அடுத்த ஆறு வாரம் மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுக்க ஹெட்போனை மாட்டிக்கொண்டு எழுதினார். 'சீ, சீ, சுர்ர்ர், த்வித், த்வித்.' பறவை மூச்சு வாங்குகிற இடங்களில் ரத்மி வந்துவிடுவாள். அங்கெல்லாம் பேனா நின்றுவிடும். பொய் எழுத அவருக்குத் தெரியாது. அதனால் அதையும் எழுதினார். 'பின்னணியில் பெண் குரல்: மாஸ், வெளக்குமாறு எங்கே? மாஸ், நான் கேட்கிறேன்ல?' பக்கத்து மேசைக்காரர்கள் எட்டிப் பார்த்து, "என்ன பாக், குருவிக்கு ஸ்டெனோவா ஆயிட்டீங்க?" என்று கிண்டல் செய்தார்கள். சிரித்துக்கொண்டார். உள்ளுக்குள் அவர் ஒன்றும் அவ்வளவு கஷ்டப்படவில்லை என்பதுதான் உண்மை. இரண்டு வருடத்துக்குப் பிறகு தினமும் ஒரு மணி நேரம் மனைவியோடு இருந்தார்.

முந்நூற்று நாற்பது பக்கத்தையும் கொண்டுபோய்க் கொடுத்தார். கமிட்டி ஒரு வாரம் ஆராய்ந்து, 'குறைபாடுடையது' என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பி அனுப்பியது.

"பறவைப் பகுதி பிரமாதம்" என்றார் இபு லிஸ்தியானி. "கமிட்டியே பாராட்டுச்சு. ஆனா எல்லாத்துலயும் பின்னணி இரைச்சல் இருக்கு. தலைப்பு 'பறவை ஒலி'. உள்ள என்னடான்னா வெளக்குமாறு, கத்தரிக்கா வெலை, தும்மல். தலைப்புக்குச் சம்பந்தமில்லாததை நீக்கிட்டுக் குடுங்க. குனாடிகிட்டச் சொன்னா இரைச்சலை எடுத்துட்டுச் சுத்தம் பண்ணித் தருவார். மத்தது எல்லாம் சரியா இருக்கு."

"அதை நீக்க முடியாது, இபு."

"ஏன்?"

"முடியாது."

இருபத்தொன்பது வருடத்தில் பர்டிமன் அலுவலகத்தில் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. இபு லிஸ்தியானி பர்டிமனின் கம்ப்யூட்டர் மேல் 'நிலுவை: தொடக் கூடாது' என்று ஒரு சீட்டை ஒட்டச் செய்தார்.

இயங்குதளம் மாற்றும் பெருவிழாவுக்கு மாவட்ட ஆட்சியரே வந்தார். மேடையில் தட்டு அளவுக்கு ஒரு சிவப்புப் பொத்தான். வழக்கமாக இந்தப் பொத்தானுக்குப் பின்னால் ஒரு சைரன் மட்டும்தான் இருக்கும். ஆனால் போன வருடம் குடிநீர்த் திட்ட விழாவில் பொத்தானின் வயர் எதிலும் சேராமல் தொங்கிக்கொண்டிருந்ததை ஒரு பத்திரிகைக்காரன் படம் எடுத்துப் போட்டுவிட்டான். அதனால் இந்த முறை எல்லாம் உண்மையாக இருக்க வேண்டும் என்று தலைவர் கட்டளை. அழுத்தினால் அலுவலகத்தின் எல்லாக் கம்ப்யூட்டரும் ஒரே நேரத்தில் துடைக்கப்பட்டு, புதுசு ஏற வேண்டும்.

"எல்லாமேவா பாக்?" என்று குனாடி கேட்டார். "மையக் கம்ப்யூட்டரை மட்டும் விட்டுரலாமே? நகல் பூரா அதுல..."

"அதுக்கு யாராவது விதிவிலக்குப் படிவம் குடுத்திருக்காங்களா?"

"இல்லை."

"படிவம் இல்லாம நான் எப்படி விடுறது? என் ரூம்ல இருக்குங்கறதுக்காக அதுக்குச் சலுகையா? நாளைக்கு எல்லாரும் என்னைத்தான் பேசுவாங்க."

ஆட்சியர் பொத்தானை அழுத்தினார். சைரன் அலறியது. 'நிலுவை' சீட்டு ஒட்டியதைத் தவிர மற்ற அறுபது கம்ப்யூட்டர்களும் நீலமாகி, கறுப்பாகி, பிறகு பளிச்சென்று புதிதாகக் கண் திறந்தன. மையக் கம்ப்யூட்டரும் அந்த அறுபதில் ஒன்று. எல்லாருடைய கோப்பும் அதில்தான் இருந்தது, ஏழாவது விதிப்படி வேறெங்கும் இல்லை. அதில் பிள்ளைகளின் போட்டோ இருந்தது, நிலப் பத்திரம் இருந்தது, முடிக்காத ஆய்வுக் கட்டுரை இருந்தது. எல்லாம் ஒரே நொடியில் போனது. மேல்மாடியிலிருந்து யாரோ ஒருவர் "ஐயோ!" என்று கத்தியது சைரன் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை கொடியேற்றத்தின்போது தலைவர் விளக்கம் கொடுத்தார்.

"சில பேரு கேக்குறாங்க, நகல் எங்கேன்னு. நான் ஒண்ணு கேக்குறேன். நகல் எடுத்தோமா, இல்லையா? எடுத்தோம். படம் இருக்கு, பேனர் இருக்கு, சிற்றுண்டிப் பெட்டி ரசீது இருக்கு. நகல் எடுக்கறது இந்த வருஷத் திட்டம். எடுத்த நகல் இருக்கணும்கறது வேற திட்டம். அதுக்கு அடுத்த வருஷம் நிதி கேட்டிருக்கேன். என் கவலை அதில்லை. அறுபத்தொண்ணுல அறுபதுதான் முடிஞ்சிருக்கு. தொண்ணூத்தெட்டுப் புள்ளி மூணு ஆறு சதவீதம்! யாரால?"

எல்லாரும் பர்டிமனைத் திரும்பிப் பார்த்தார்கள். வரிசையில் முன்னால் நின்ற இபு லிஸ்தியானி மட்டும் திரும்பவில்லை. அந்த வாரம் முழுக்க அவர் பேனாக்கள் மேசை மேல் தாறுமாறாகக் கிடந்தன. மத்தியானம் ஆளில்லாத நேரத்தில் குனாடியிடம் வந்து, "அழிஞ்சதை எடுக்க ஏதாவது வழி உண்டா?" என்று மெதுவாகக் கேட்டாராம். குனாடி இல்லை என்று தலையாட்டியிருக்கிறார். "சும்மா விதிமுறைக்காகக் கேட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம்.

அதற்கப்புறம் மாகாணத்திலிருந்து இன்னொரு கடிதம் வந்தது. கோப்புகளைச் சிறப்பாகப் பாதுகாத்த ஓர் ஊழியருக்குக் கேடயம் உண்டு, பெயர் அனுப்புங்கள் என்று. அலுவலகம் முழுக்க வலைபோட்டுத் தேடியதில் கோப்பு மிச்சம் வைத்திருந்த ஆள் ஒரே ஒருவர்தான். தலைவர் பர்டிமனைக் கூப்பிட்டுத் தோளில் கைபோட்டார்.

"வெள்ளிக்கிழமை உங்களுக்குக் கேடயம். ஆட்சியர் கையால. அதே மேடையில உங்க கம்ப்யூட்டரையும் அப்டேட் பண்ணிருவோம். நூறு சதவீதம்!"

"அப்ப என் ஃபைலெல்லாம், பாக்?"

"அதைப் பாதுகாத்ததுக்குத்தானே கேடயம்! கேடயம் வாங்கினப்புறம் எதுக்குப் பாதுகாக்கணும்?"

பர்டிமன் தன் அறைக்கு வந்து உட்கார்ந்தார். ஜன்னல் வழியாக வாய்க்கால் தெரிந்தது. மதகில் தண்ணீர் எண்பத்திரண்டு சென்டிமீட்டர். அதைப் பதிய மறந்துபோனார்.

வெள்ளிக்கிழமை. அவருடைய கம்ப்யூட்டரை மேடைக்குத் தூக்கி வந்து, வயர்கள் அசிங்கமாகத் தெரியக் கூடாதென்று பேனருக்குப் பின்னால் ஒரு மேசையில் வைத்திருந்தார்கள். முன்னால் பொத்தான். பிரார்த்தனை முடிந்து, மரியாதைக்குரியவர்கள் முடிந்து, பர்டிமன் கையில் கேடயம் வந்தது. ஆட்சியருக்குப் பதினோரு மணிக்கு வேறொரு திறப்பு விழா. அதனால் முதலில் குழுப்படம், பிறகு பொத்தான் என்று தலைவர் அறிவித்தார். நாற்பது பேர் மேடை ஏறினார்கள். கேமராவோடு நின்ற குனாடி, பர்டிமனைப் பார்த்துக் கண்ணால் பேனரின் பின்பக்கத்தைக் காட்டினார்.

கேடயத்தைப் பக்கத்தில் நின்றவரிடம் திணித்துவிட்டு, பர்டிமன் பேனருக்குப் பின்னால் நழுவினார். சீலைக் கிழித்தார். துளையில் பென்டிரைவ் இரண்டு தடவை தலைகீழாகப் போய் மூன்றாவது தடவை ஏறியது. கோப்புகள் ஒவ்வொன்றாக நகரத் தொடங்கின.

"மொதல்ல மரியாதையான படம்!" என்று பேனருக்கு அந்தப் பக்கம் குனாடியின் குரல். "கை கட்டிக்கங்க. ஒண்ணு, ரெண்டு... ஆட்சியர் அவர்களே, தொப்பி கொஞ்சம் சரிஞ்சிருக்கு. இப்ப முஷ்டி! இப்பக் கோஷம்!"

"நகல் இருந்தால்?" என்று தலைவர் கத்தினார்.

"நாளை இருக்கும்!" என்று நாற்பது பேர் கத்தினார்கள்.

நூற்றுப் பத்து. நூற்று முப்பத்தாறு.

"ஒருத்தர் கண்ணை மூடிட்டீங்க, இன்னொரு தடவை! இப்ப இஷ்டப்பட்ட மாதிரி நில்லுங்க!" என்றார் குனாடி. தலைவர் இரண்டு விரலால் இதயம் செய்து காட்டியிருக்க வேண்டும், சிரிப்புச் சத்தம் கேட்டது. "இப்பப் பெண்கள் மட்டும்! அப்புறம் ஓய்வுபெறப் போறவங்க மட்டும்!"

"கேடயம் வாங்கினவர் எங்க?" என்று யாரோ கேட்டார்கள்.

பேனரின் ஓரம் விலகியது. இபு லிஸ்தியானி நின்றார். அவர் கண் முதலில் பென்டிரைவுக்கும் பிறகு தரையில் கிடந்த சீல் துண்டுக்கும் போனது. தன் கையெழுத்து இரண்டாகக் கிழிந்து கிடந்ததைப் பார்த்தார்.

"பாக் பர்டிமன்! சீல்!"

"ரத்மி குரல் இதுலதான் இருக்கு, இபு" என்றார் பர்டிமன். எழுந்து நிற்கக்கூட இல்லை. "அந்தப் பின்னணி இரைச்சல் எம் பொண்டாட்டி. வேற எங்கயும் இல்லை. மெமோ குடுங்க, வேலையை விட்டு எடுங்க, என்ன வேணா பண்ணுங்க. நாப்பது ஃபைல் பாக்கி இருக்கு."

இபு லிஸ்தியானி திரையில் நகரும் எண்களைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு பேனரை இழுத்துவிட்டுக்கொண்டு முன்பக்கம் போனார்.

"இன்னும் ஒரு படம் எடுக்கணும்" என்று அவர் சொல்வது கேட்டது. "விதிப்படி கமிட்டி உறுப்பினர்கள் தனியாகவும் எடுக்கணும். இருபத்துமூணு பேரும். உயர வரிசையில நில்லுங்க. இல்ல, பதவி வரிசையில."

பதவி வரிசையில் யார் யாருக்கு முன்னால் என்று தகராறு வந்தது. அது தீர்வதற்குள் இருநூற்றுப் பன்னிரண்டும் வந்து சேர்ந்தன. பர்டிமன் பென்டிரைவைச் சட்டைப்பைக்குள் போட்டுப் பொத்தான் மாட்டி, முன்னால் வந்து நின்றார். ஆட்சியர் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். சைரன் அலறி, நூறு சதவீதம் ஆனது. எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டியவர் பர்டிமன்தான். தலைவர் அதை மைக்கிலேயே பாராட்டினார்.

அன்று சாயங்காலம் வீட்டில், வாசல் கதவைத் திறந்துபோட்டு, டிவியில் பென்டிரைவைச் செருகி ஒன்றிலிருந்து கேட்டார். அழுதார். வீட்டில் யாரும் இல்லாததால் கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை.

செவ்வாய்க்கிழமை மெமோ வந்தது. இபு லிஸ்தியானியே எடுத்துவந்து, முறைப்படி நின்றுகொண்டு வாசித்தார். அரசு முத்திரையைக் கிழித்தது, குழுப்படத்தில் அனுமதியின்றிக் கலந்துகொள்ளாதது என்று இரண்டு குற்றம். முதல் நிலை எச்சரிக்கை. பர்டிமன் இருபத்தொன்பது வருடத்தில் முதல் மெமோவைப் பெற்றுக்கொண்டு, மூன்று பிரதியிலும் கையெழுத்துப் போட்டார்.

பிறகு இபு லிஸ்தியானி கோந்தும் புது சீல்களும் எடுத்தார். விதிப்படி புதுப்பித்த ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் புது சீல் ஒட்டியாக வேண்டும். குனிந்து, கண்ணாடியை மூக்கில் தள்ளிவிட்டுக்கொண்டு, துளையிலிருந்து ஒரு விரல் அகலம் தள்ளி, வெறும் தகரத்தின் மேல் மிக நேராக ஒட்டினார். ஸ்டாம்ப் அடித்தார். கையெழுத்துப் போட்டார். பர்டிமன் துளையையும் சீலையும் மாறிமாறிப் பார்த்தார்.

"இபு, இது..."

"சீல் ஒட்டணும்னுதான் விதி இருக்கு" என்றார் இபு லிஸ்தியானி. "எங்க ஒட்டணும்னு இல்லை. நான் நேத்து ராத்திரி பூரா படிச்சுப் பாத்துட்டேன்."

கோந்துப் பாட்டிலை எடுத்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனார். அன்று மாலைக்குள் அறுபத்தொரு கம்ப்யூட்டரிலும் துளைக்குப் பக்கத்தில் ஒரு விரல் தள்ளி, ஒழுங்காக, ஒரே உயரத்தில் சீல் ஒட்டி முடித்து, பதிவேட்டில் 'நூறு சதவீதம்' என்று எழுதி அடியில் கோடு போட்டார்.